கொல்லைப்புறக் கேள்விகள்: முனியாண்டிக்கு ஒரு சுருட்டு

சென்ற மாதம் வெண்டைக்காயைப் பற்றி எழுதிக்கொண்டே வந்தவன், நடுவில் வாய் தவறியதுபோல, சுங்கை சிப்புட்டில் என் வீட்டுக் கொல்லையில் ஒன்பது புகையிலைச் செடிகள் நிற்பதாகச் சொல்லிவிட்டேன். வெண்டைக்காயைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. வந்த கடிதங்கள் அத்தனையும் புகையிலை. ஆகவே இந்த மாதப் பக்கம் முழுவதும் அதற்கே போகிறது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் புகைப்பதை விட்டு 14 ஆண்டுகள் ஆகிவிட்டன. செடியை விடவில்லை. காரணம் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது.

*ஐயா, புகையிலை விதையைப் பூந்தொட்டியில் ஒரு விரற்கடை ஆழத்தில் ஊன்றினேன். மூன்று வாரம் ஆகியும் ஒன்றுகூட முளைக்கவில்லை. விதை பழசாக இருக்குமோ?*
*— வாசகர், லூனாஸ்*

விதைமேல் பழி போடாதீர்கள். நீங்கள் அதை ஊன்றவில்லை, புதைத்துவிட்டீர்கள். ஒரு கிராம் புகையிலை விதையில் பத்தாயிரத்துக்கு மேல் எண்ணிக்கை இருக்கும். கேழ்வரகே அதற்குப் பக்கத்தில் பூசணிக்காய் மாதிரி தெரியும். அந்தத் தூசுக்கு வெளிச்சம் பட்டால்தான் முளை வரும். மண்ணுக்கு மேலே தூவ வேண்டும், மூடக் கூடாது.

மீன் கடையில் தூக்கிப் போடும் வெள்ளை நுரைப்பெட்டியின் மூடியில் ஓட்டை குத்தி, சலித்த மண் பரப்பி, ஒரு சிட்டிகை விதையை ஒரு கைப்பிடி உலர்ந்த மணலோடு கலந்து தூவுவேன். மணல் கலக்காவிட்டால் ஒரே இடத்தில் ஐந்நூறு விழுந்துவிடும். மேலே தண்ணீர் ஊற்றினால் விதை ஓடிப்போய் மூலையில் ஒதுங்கும். தட்டில் தண்ணீர் வைத்து, அதன்மேல் மூடியை வைத்தால் மண் கீழிருந்து உறிஞ்சிக்கொள்ளும். ஏழு நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள் பச்சைப் புள்ளிகள் தெரியும். எறும்பு முந்திக்கொள்ளாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறிலிருந்து எட்டு வாரத்தில் நாற்றைப் பிடுங்கி, மூன்றடிக்கு ஒன்றாக நடலாம்.

*தாத்தா, எங்கள் அப்பா காலத்திலிருந்து தோட்டத்து முனியாண்டிக்கு ஆண்டுக்கு ஒரு முறை படையல் போடுகிறோம். கோழி, கள், பொரிகடலை, சுருட்டு. இந்த ஆண்டு சுருட்டுக்குக் கடை கடையாக அலைந்தேன். கடைசியில் ஒருவர், "சிகரெட்டையே வைத்துவிடு, சாமி கோபித்துக்கொள்ளாது" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. வீட்டிலேயே புகையிலை வளர்த்துச் சுருட்டு சுற்ற முடியுமா?*
*— உங்கள் பேரன் வயதில் ஒரு வாசகர், பகாவ்*

முடியும், பேராண்டி. முனியாண்டிக்குச் சிகரெட் வைப்பது, விருந்தாளிக்குத் தலைவாழை இலை போட்டு அதில் இரண்டு பிஸ்கட் வைப்பதுபோல. நானும் இந்தப் படையலுக்காகத்தான் செடி வளர்க்கிறேன். நான் பிறந்த தோட்டம் இப்போது தாமான். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வரிசை வீடுகள் வந்துவிட்டன. ஆற்றோரத்து அரசமரத்தடியில் முனியாண்டி மட்டும் அசையவில்லை. வீடு கட்டியவர்கள் அவருக்காகச் சாலையைக் கொஞ்சம் வளைத்துப் போட்டிருக்கிறார்கள்.

வளர்ப்பதில் பெரிய சூட்சுமம் கிடையாது. செடி உன் தோளுக்கு வந்து மொட்டு விடும்போது தலையைக் கிள்ளிவிடு. கிள்ளாவிட்டால் சத்தெல்லாம் பூவுக்கும் விதைக்கும் போய்விடும். கிள்ளினால் இலைக்கு இறங்கி, இலை தடிக்கும். செடி சும்மா இருக்காது. ஒரே வாரத்தில் இலைக்கணு ஒவ்வொன்றிலும் சிம்பு வெடிக்கும், அதையும் ஒடித்துக்கொண்டே இருக்க வேண்டும். விதைக்கென்று ஒரே ஒரு செடியை விட்டால் போதும். ஊருக்கே விதை கிடைக்கும். இலையைக் கீழிருந்து மேலாகப் பறி. பச்சை வெளிறி, நுனி மஞ்சள் தட்டி, மடக்கினால் மடங்காமல் பட்டென்று ஒடிகிற இலைதான் முற்றிய இலை.

இதற்குப் பிறகுதான் சோதனை. இலையைக் காயவைப்பது வேறு, பாடம் செய்வது வேறு. வெயிலில் போட்டால் இரண்டே நாளில் பச்சை மாறாமல் சருகாகிவிடும், கொளுத்தினால் புல் எரிகிற நாற்றம் வரும். இலை மெல்ல மெல்லச் சாக வேண்டும். பச்சையம் அழிந்து மஞ்சளாகி, மஞ்சள் பழுப்பாகி, கடைசியில் நடுநரம்பு குச்சிபோல முறிய வேண்டும். நிழலில் நாலிலிருந்து எட்டு வாரம் பிடிக்கும். அந்த எட்டு வாரமும் நம் ஊர் ஈரம் உன்னோடு மல்லுக்கு நிற்கும்.

முதல் ஆண்டு நான் சமையலறைக்குப் பின்னால் கொடி கட்டி, இலைகளை ஒன்றோடொன்று நெருக்கித் தொங்கவிட்டேன். நவம்பர் மழை. பத்தாவது நாள் பார்த்தால் நடுநரம்பு நெடுக வெள்ளைப் பூசணம், பூனைக்குட்டியின் மயிர்போல. இருநூறு இலையையும் அள்ளிக் குழியில் போட்டேன். இரண்டாம் ஆண்டு புத்தி அதிகமாகிவிட்டது. 22 ஆண்டுகள் ரப்பர் ஷீட்டைப் புகைக் கொட்டகையில் காயவைத்தவன் நான்; எனக்குத் தெரியாத புகையா? யாழ்ப்பாணத்தில் தேங்காய் மட்டைப் புகையில் புகையிலையைப் பாடம் செய்வார்கள் என்பதும் காதில் விழுந்திருந்தது. தகரத்தில் சின்னக் கொட்டகை அடித்து, மட்டைக்குப் பதிலாகப் பால்மரக் கட்டையைப் போட்டு, ஷீட்டுக்கு வைக்கிற சூட்டையே வைத்தேன். இரண்டு நாளில் இலை வெந்து, பச்சை அப்படியே உறைந்துவிட்டது. அந்தச் சுருட்டைப் பற்றவைத்த பூசாரி ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "அண்ணே, இது டயரா?" என்று கேட்டார். முனியாண்டி ஒன்றும் சொல்லவில்லை.

மூன்றாம் ஆண்டு அடங்கிப்போய், காற்றை நம்பினேன். கார் நிறுத்தும் இடத்தில் தகரக் கூரைக்கு ஒரு முழம் கீழே கம்பி கட்டி, இலைக்கு இலை இரண்டு விரல் இடைவெளி விட்டுக் கோத்தேன். மத்தியானம் கூரைச் சூடு ஈரத்தை வாங்கிக்கொள்ளும். இரவில் மழை பிடித்தால் பழைய நிற்கும் விசிறியைக் கீழே வைத்து, காற்று இலையில் நேராக அடிக்காமல் சுவரில் பட்டுத் திரும்பும்படி ஓடவிடுவேன். மூன்று நாளுக்கு ஒருமுறை நடுநரம்பைத் தடவிப் பார்ப்பேன், பிசுபிசுப்பு தட்டினால் அந்த இலையைத் தனியே எடுத்துவிடுவேன். அன்றிலிருந்து பூசணத்துக்கு ஆண்டுக்கு ஐந்தாறு இலைக்கு மேல் கொடுத்ததில்லை.

பழுப்பானதும் சுற்றிவிடலாம் என்று கை பரபரக்கும். பொறுத்துக்கொள். அந்த இலை நாக்கைக் கடிக்கும், புகையில் மாட்டுக்கொட்டகை நெடி வரும். அது இலைக்குள் இருக்கிற அம்மோனியா. கியூபாவில் இலையை ஆளுயரக் குவியலாக அடுக்குவார்கள். சொந்த எடையிலும் ஈரத்திலும் குவியல் தானாகவே சூடேறிப் புளிக்கும். சூடு மிஞ்சினால் பிரித்துப் புரட்டி, மறுபடி அடுக்குவார்கள். ஒன்பது செடி இலையில் அந்தச் சூடு பிறக்காது. அதனால் நான் பழுதான குளிர்பெட்டி ஒன்றை எடுத்து, உள்ளே குமிழ் பல்பு ஒன்றும், ஒரு குவளைத் தண்ணீரும், ஒரு வெப்பமானியும் வைத்து, 50 டிகிரி செல்சியசுக்குப் பக்கத்தில் ஐந்து வாரம் நிறுத்துகிறேன். இலை பல்பில் படாமல் நடுவில் கம்பி வலை கட்டாயம். முதல் இரண்டு வாரம் கதவைத் திறந்தால் கண் எரியும். என் வீட்டுக்காரி அந்தப் பெட்டிக்கு வைத்திருக்கிற பெயரை இங்கே அச்சில் போட முடியாது. நாலாவது வாரம் நெடி அடங்கி, கருப்பட்டியும் பழைய மரப்பெட்டியும் கலந்தாற்போல ஒரு வாசம் வரும். பெட்டி இல்லாதவர்கள் இலையைத் தொட்டால் வளைகிற பதத்தில் சாடியில் அடைத்து, ஓர் ஆண்டு மறந்துவிட வேண்டும்.

இனிச் சுற்றுவது. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் என் பாட்டி, உறையூர்ப் பக்கத்திலிருந்து வந்தவர். திருச்சிச் சுருட்டு வெள்ளைக்காரன் காலத்தில் கடல் தாண்டிப் போன சரக்கு. பாட்டி அதைப் பற்றி ஒரு நாளும் பெருமை பேசியதில்லை. பால் வெட்டிவிட்டு வந்து, லயத்து வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து, கவிழ்த்த மரப்பலகையில் நாளைக்கு இரண்டு சுற்றுவார். உலர்ந்த இலையைத் தொட்டால் நொறுங்கும். முதல் நாள் இரவே ஈரத்துணிக்குள் வைத்துவிடு. காலையில் மெல்லிய தோல்போல வளைய வேண்டும். நடுநரம்பை நுனியிலிருந்து அடிக்கு உரித்து எடு. மூன்று வகையாகப் பிரி: உள்ளே வைக்க அரைகுறை இலைகள், அவற்றைப் பிடித்துக் கட்ட உறுதியான இலை ஒன்று, மேலே சுற்ற ஓட்டையில்லாத நைசான இலை ஒன்று. உள் இலைகளைக் கசக்காதே. பாட்டி ஒவ்வொன்றையும் விசிறி மடிப்பாக மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக உள்ளங்கையில் சேர்ப்பார். அந்த மடிப்புகளுக்கு இடையில்தான் காற்று போகும். கட்டும் இலையில் வைத்து உருட்டிய பிறகு, கொளுத்தாமலே ஒரு முறை உறிஞ்சிப் பார்ப்பார். காற்று வரவில்லை என்றால் பிரித்துவிடுவார், இழுத்துப் பார்த்துத் திட்டுவதெல்லாம் கிடையாது. மேல் இலையை ஒரு கைப்பட்டை அகலத்துக்கு நறுக்கி, எரியும் நுனியில் தொடங்கிச் சாய்வாக, வாய்ப்பக்கம் வரை சுற்ற வேண்டும். முடிவை ஒட்டப் பசை வேண்டாம். குழைந்த இரண்டு சோற்றுப் பருக்கை போதும்.

ஒரு சுருட்டுக்கு 12 முதல் 15 கிராம் இலை. ஒரு செடி நன்றாக வந்தால் 100 கிராம் வரை பாடம் செய்த இலை தரும். முனியாண்டிக்கு ஆண்டுக்கு ஒரு முறைதான் என்றால் உனக்கு இரண்டு செடியே தாராளம்.

மேல் இலையைப் பற்றி ஒரு வார்த்தை. உலகத்துச் சுருட்டுக்காரர்கள் மெல்லிய மேல் இலைக்கு அலைந்தபோது கண்ணில் பட்டது நமக்கு எதிர்க்கரைதான். 1863இல் நீன்ஹாய்ஸ் என்ற டச்சுக்காரர் சுமத்ராவின் டெலியில் புகையிலைத் தோட்டம் போடக் கிளம்பினார். டெலி இலை ஐரோப்பாவில் பெயர் வாங்கியது. அங்கேயும் நம் ஆட்கள் போய் மாட்டு வண்டி ஓட்டினார்கள், சாலை வெட்டினார்கள். அந்தப் பக்கத்து மேடான் நகரில் கம்போங் மெட்ராஸ் என்ற பேட்டை இன்றும் இருக்கிறது.

சுற்றியதைக் காற்றுப் புகாத டப்பாவில் வை. பிறகு ஒருநாள் சுருட்டில் குண்டூசித் துளைகள் தெரிந்தால் பதறாதே. நம் மல்லித்தூள் போத்தலில் ஊர்கிற அதே செம்பழுப்பு வண்டுதான்; அதற்குப் புகையிலை வண்டு என்றே பெயர். டப்பாவோடு உறைபெட்டியில் நாலு நாள் வைத்து, பிறகு ஒரு நாள் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து வெளியே எடு. அவசரப்பட்டால் மேல் இலை வெடித்துவிடும்.

*என் சுருட்டு நன்றாகத்தான் சுற்றப்பட்டிருக்கிறது. ஆனால் இரண்டு இழுப்புக்கு ஒரு முறை அணைகிறது, சாம்பல் கருப்பாக விழுகிறது. செடிக்குக் குறை வைக்கவில்லை. செம்பனைக்குப் போடுகிற சிவப்பு உரத்தைத் தாராளமாகப் போட்டேன்.*
*— ஓய்வுபெற்ற மண்டோர், பாகான் டத்தோ*

விடையைக் கடிதத்திலேயே எழுதிவிட்டீர்கள், அண்ணாச்சி. அந்தச் சிவப்பு உரம் மியூரியேட் ஆஃப் பொட்டாஷ், அதாவது பொட்டாசியம் குளோரைடு. செம்பனைக்கு அமிர்தம். புகையிலையோ குளோரைடை அடி இலை வரை இழுத்து வைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட இலை காற்றில் உள்ள ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொண்டு, எரிய மறுக்கும். பொட்டாசியம் வேண்டியதுதான், எரிவதற்கே அதுதான் உதவி. ஆனால் சல்பேட் ஆஃப் பொட்டாஷாகப் போட வேண்டும், இல்லாவிட்டால் செடிக்கு ஒரு பிடி அடுப்புச் சாம்பல். உங்கள் ஊர் கடலோரம் வேறு. உப்புத் தண்ணீர் ஏறுகிற மண் என்றால் தொட்டியில் வளருங்கள்.

உங்கள் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் ஒரு ஞாபகம். அங்கிருந்து எங்கள் தோட்டத்துக்கு வாக்கப்பட்டு வந்த தெலுங்குக்காரப் பாட்டி ஒருவர் நெருப்பு முனையை வாய்க்குள் வைத்துப் புகைப்பார். சிறு பிள்ளைகள் நாங்கள் வித்தை பார்ப்பதுபோலச் சுற்றி நிற்போம். ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில் இருந்த பழக்கம் அது. மேலண்ணத்தில் புற்று வருவதற்கு அந்தப் பழக்கம் காரணம் என்று மருத்துவர்கள் பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார்கள். அவருக்கும் அப்படியே வந்தது. புகையை உள்ளே இழுக்காவிட்டால் சுருட்டு ஒன்றும் செய்யாது என்று சிலர் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். சுருட்டுப் புகையின் நிக்கோட்டின் வாய்த்தோல் வழியாகவே ஏறும். புற்று வருவதற்கும் வாயே போதும்.

*அண்ணா, என் வீட்டுக்காரர் உங்கள் கட்டுரையைப் பார்த்துப் புகையிலை நட்டார். இப்போது பக்கத்திலிருக்கிற என் மிளகாய்ச் செடிகளின் இலையெல்லாம் பச்சையும் வெளிர்மஞ்சளுமாகத் திட்டுத் திட்டாகிச் சுருங்குகின்றன. என்ன மருந்து அடிக்கலாம்?*
*— வாசகி, கோலக் கங்சார்*

மருந்து இல்லை, தங்கச்சி. நீங்கள் சொல்கிற அடையாளங்களுக்குத் தேமல் நோய் பொருந்துகிறது. புகையிலைத் தேமல் வைரஸ். மனிதன் கண்டுபிடித்த முதல் வைரஸே இதுதான். 1892இல் ரஷ்யாவில் இவனோவ்ஸ்கி நோய்ப்பட்ட புகையிலைச் சாற்றை நுண்ணிய வடிகட்டியில் ஊற்றிப் பார்த்தார்; வடிந்த சாறும் நோயைப் பரப்பியது. பாக்டீரியா அந்த வடிகட்டியைத் தாண்டாது. இந்த வைரஸோ காய்ந்த இலையிலும் பல ஆண்டுகள் சாகாமல் கிடக்கும். உங்கள் வீட்டுக்காரர் ஒரு செடியைத் தொட்ட கையோடு இன்னொன்றைக் கிள்ளினாலே போதும், சிகரெட் பிடித்த கையாக இருந்தாலும் போதும்.

தேமல் விழுந்த செடிகளை வேரோடு பிடுங்கி எரித்துவிடுங்கள், உரக்குழியில் போடாதீர்கள். மீதியைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டுக் கைகழுவி, பிறகு பாலில் கையை நனைத்துக்கொள்ளுங்கள். பாட்டி வைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். பாலில் உள்ள புரதம் வைரஸை முடக்கும். நாற்றுப் பண்ணைகளில் வேலை செய்பவர்களும் இதைச் செய்கிறார்கள். புகையிலையை மிளகாய், தக்காளி, கத்தரிக்குப் பக்கத்தில் நடவே கூடாது, நாலும் ஒரே குடும்பம். சென்ற மாதம் நான் அதைச் சொல்லாமல் விட்டது என் பிழை. மிளகாய்க்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான், அவரைத் திட்டாதீர்கள்.

*காலையில் இலை பறித்தேன். பத்து மணிக்குத் தலை சுற்றி, இரண்டு முறை வாந்தி. நான் புகைப்பவனே அல்ல.*
*— வாசகர், கூலிம்*

பனியில் நனைந்த இலையை வெறுங்கையோடு பறித்திருப்பீர்கள். ஈரத்தில் கரைந்த நிக்கோட்டின் தோல் வழியாக உள்ளே போய்விடும். புகையிலை வயல் ஆட்களுக்கு இது தெரிந்த நோய், புகைக்காதவர்களை அதிகம் தாக்கும். நனைந்த சட்டையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளித்து, நிழலில் படுங்கள். மூச்சு முட்டினாலோ வாந்தி நிற்காவிட்டாலோ மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இனி இலை உலர்ந்த பிறகு, கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுப் பறியுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விட வேண்டாம். ஆட்டையும் கட்டாதீர்கள்.

*நன்றாக வந்தால் கோயில் கடைகளுக்குப் போட்டு நாலு காசு பார்க்கலாமா?*
*— வாசகர், ரவாங்*

பார்க்காதீர்கள். புகையிலைப் பொருள் செய்து விற்பது கலால் வரிச் சட்டத்துக்குள் வருகிறது. 2024 அக்டோபர் 1 முதல் நடப்பில் இருக்கிற புகைபொருள் கட்டுப்பாட்டுச் சட்டமும் இருக்கிறது. பயிராக நடுவதென்றால் அதற்கென்றே தேசிய கெனாஃப், புகையிலை வாரியம் உண்டு. நடுவதற்கு முன்பே ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அந்த வாரியத்தின் பெயரில் கெனாஃப் என்ற நார்ப்பயிர் ஏன் முன்னால் நிற்கிறது என்று யோசித்தீர்களா? கிளந்தானில், பாச்சோக் மணலில், புகையிலையே பிழைப்பாக இருந்த குடும்பங்களை அரசாங்கம் கெனாஃப் நாருக்கு மாற்றிக்கொண்டு வந்தது. புகையிலையில் கரை கண்டவர்களே கைவிட்டுப் போன தொழில் அது.

*தாத்தா, நான் படிவம் மூன்று படிக்கிறேன். அறிவியல் செயல்திட்டத்துக்குப் புகையிலை விதை அனுப்புவீர்களா? தபால் தலை ஒட்டிய உறை இணைத்திருக்கிறேன்.*
*— மாணவர், தாப்பா*

புகையிலை விதை அனுப்ப மாட்டேன். உன் உறையில் கத்தரி விதை வைத்து அனுப்பியிருக்கிறேன், அதே குடும்பம்தான். ஒரு தட்டில் மண்ணுக்கு மேலே தூவு, இன்னொரு தட்டில் கால் அங்குலம் மூடி விதை. எதில் எத்தனை, எந்த நாளில் முளைத்தன என்று எழுதி அனுப்பினால் அடுத்த மாதம் இங்கே போடுகிறேன். ஐம்பது விதை இருக்கின்றன, எண்ணிப் பார்த்துக்கொள்.